‘யாரிடம் பேசினாய்?’ என்றொரு கட்டம்

போன மாதம் நித்யா போன் செய்தாள். டெக்சாஸில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மின்சாரக் கம்பெனியில் மின்வெட்டுப் பட்டியலுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. சென்னைப் பெண். என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் மேலதிகாரி மாதிரி இருக்கும்.

“அங்கிள், லிஸ்ட் எல்லாத்தையும் புது சாஃப்ட்வேருக்கு மாத்தறோம். அதுல ‘யாரிடம் பேசினாய்?’னு ஒரு கட்டம் வெச்சீங்கல்ல, அது வேஸ்ட்டு, எடுத்துடலாம்ங்கறாங்க. புதுசா வந்தவங்களும் எதுக்கு இதுன்னு கேக்கறாங்க. நான் சொன்னா கதை விடறேன்னு நினைக்கறாங்க. நீங்களே எழுதிக் குடுங்களேன்.”

“எனக்கு இங்கிலீஷ்ல அவ்வளவு எழுத வராதும்மா.”

“தமிழ்ல எழுதுங்க. நான் மாத்திக்கறேன். உங்க தமிழை நான் இங்கிலீஷ்ல மாத்தறது இது முதல் தடவை இல்லையே அங்கிள்!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த முதல் தடவையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் அந்தோணி. நான் காலேஜ் வாசலை மிதித்தவன் இல்லை. தூத்துக்குடியில் ஐ.டி.ஐ. முடித்தேன். அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வயர்மேனாக இருந்தேன். மனைவி ஸ்டெல்லாவுக்கு ஹூஸ்டன் பக்கம் நர்ஸ் வேலை கிடைத்ததும் அவள் பின்னால் விமானம் ஏறினேன். சில வருடம் லாரியில் லைன்மேன்களோடு சுற்றினேன். இரவல் புத்தகங்களில் படித்துப் பரீட்சை எழுதினேன். இரண்டு முறை தோற்று மூன்றாவது முறையில் கண்ட்ரோல் ரூமுக்குள் போனேன். படிப்புக் கதை அவ்வளவுதான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்கள் போகிற போக்கில் சொல்வதைச் சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். அதில் அதிகப் பக்கம் பிடித்தவர் சாமுவேல் அண்ணன். பாளையங்கோட்டைக்காரர், கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து நுரையீரல் கெட்டுப்போய் வீட்டோடு இருப்பவர். நான் கத்தோலிக்கன், அவர் புராட்டஸ்டண்ட். மீன் பிடிக்கப் போகும்போது அந்த வித்தியாசம் தூண்டிலுக்குத் தெரியாது. நான் கண்ட்ரோல் ரூமில் சேர்ந்த அன்று அவர் சொன்னது நோட்டில் இருக்கிறது: “ஏலே அந்தோணி, கரண்ட் இருக்கிற வரைக்கும் ஒன்னைய எவனும் நினைக்க மாட்டான். போச்சுன்னா ஒங்க அம்மாவையும் சேத்து நினைப்பான்.”

இன்னும் அதிகப் பக்கம் பிடித்திருக்க வேண்டியவர் மார்லீன், எங்கள் ஷிப்ட்டின் தலைவர். ஆனால் அவர் அதிகம் பேசவே மாட்டார். ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்த டெக்சாஸ்காரி. சாம்பல் நிற ஸ்வெட்டர், மூடி உடைந்த காபி பிளாஸ்க். எத்தனை அலாரம் அடித்தாலும் குரல் ஒரே மட்டத்தில் இருக்கும். என் பெயரைச் சுருக்கி டோனி என்பார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு துணை மின்நிலையத்திலிருந்து நாலைந்து தெருவுக்கோ ஒரு சிற்றூருக்கோ கிளம்பிப் போகிற லைனுக்கு ஃபீடர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எங்கள் பாஷையில் ஃபீடரைத் ‘திற’ என்றால் கரண்டை நிறுத்து என்று அர்த்தம். ‘மூடு’ என்றால் கரண்ட் கொடு. மார்லீன் உத்தரவு போடும் விதம் இப்படி:

“டோனி, ஒன்பதாம் ஃபீடரைத் திற.”

“ஒன்பதாம் ஃபீடரைத் திறக்கிறேன்.”

“சரி.”

அந்தச் ‘சரி’ வரும் வரை விரல் அசையக் கூடாது. சொல்வது, திருப்பிச் சொல்வது, சரி என்பது: மூன்றும் நடந்தால்தான் பேச்சு முடிந்தது. ஒருமுறை அவசரத்தில் ‘சரி’க்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டேன். சரியான ஃபீடரைத்தான் திறந்திருந்தேன். மார்லீன் வேறொருவரை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார். “தப்பு ஒன்றும் நடக்கவில்லையே” என்றேன். “நடக்கவில்லை. அது உன் சாமர்த்தியம் இல்லை, உன் அதிர்ஷ்டம்” என்றார்.

இன்னொரு வழக்கமும் அவருடையதுதான். கண்ட்ரோல் ரூம் வெள்ளைப் பலகையில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே தன் வீடு எந்த ஃபீடரில் இருக்கிறது என்று எழுத வேண்டும். மின்வெட்டு வந்தால் அவரவர் வீட்டு ஃபீடரை அவரவர் தொடக்கூடாது. திறப்பதோ மூடுவதோ, பக்கத்து மேஜைக்காரர்தான் செய்வார். என் பெயருக்கு நேரே இருபத்திரண்டு என்று இருந்தது.

இனி பட்டியல். மின்சாரம் பற்றாக்குறையானால் எந்த ஃபீடரை எந்த வரிசையில் நிறுத்துவது என்று ஒரு பட்டியல் உண்டு. ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், குடிநீர் நிலையம் இருக்கும் ஃபீடர்கள் அதில் வராது. அவற்றை ‘முக்கியம்’ என்று குறித்து ஒதுக்கிவிடுவோம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பெரிய வாடிக்கையாளர்களுக்கு ஒரு படிவம் போகும்: நீங்கள் முக்கியமா, ஆமென்றால் எழுதுங்கள். பதில் வராதவர்கள் ‘சாதாரணம்’. பல வருடமாக நடந்த வழக்கம் அது. ஒரு வருடம் அந்த வேலை என் கையில் வந்தது. ஒரு வரியில் ‘பம்ப், கவுண்டி ரோடு, பதினேழாம் ஃபீடர்’ என்று இருந்தது. படிவம் வேறு ஊரில் இருந்த ஏதோ ஒரு ஆபீஸுக்குப் போயிருக்கிறது. பதில் வரவில்லை. ‘பதில் இல்லை, சாதாரணம்’ என்று எழுதி, என் இனிஷியலைப் போட்டு, அடுத்த வரிக்குப் போனேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதே கவுண்டி ரோட்டில், அதே பதினேழாம் ஃபீடரில்தான் சாமுவேல் அண்ணன் வீடு. மாதம் இரண்டு சனிக்கிழமை அந்த வழியே தூண்டிலோடு போயிருக்கிறேன். சாலையோரம் வேலிக்குள் தடித்த குழாய்களும் தகரக் கூடாரமும் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். “இது கேஸு கம்பெனி மிஷினுதானடே? மாட்டுக்கு மூச்சு வாங்குற மாரியே சத்தம் போடுது” என்று அண்ணன் சொன்னதைக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்த கண்ணும் என்னுடையது, எழுதிய கையும் என்னுடையது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

அந்த வருடக் குளிர்காலத்தில் ஊர் பழகாத கடுங்குளிர் வந்தது. டெக்சாஸில் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. குளிர் காற்று உள்ளே இறங்கியதும் எல்லா வீட்டு ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடின. மறுபக்கம் மின்நிலையங்கள் உறைந்து ஒவ்வொன்றாக நின்றன. எங்கள் சுவரில் மின்சாரத்தின் அதிர்வெண் பெரிய எண்ணாக ஓடும். அறுபதில் நிற்க வேண்டியது. தேவைக்குக் குறைவாக மின்சாரம் வந்தால் அது இறங்கும். ஓரளவுக்குக் கீழே போனால் மாநிலம் மொத்தமும் இருண்டு போகும். மீட்க எத்தனை வாரம் ஆகுமோ தெரியாது. அன்று காலை ஆறரைக்கு, ஷிப்ட் மாறின கையோடு, அந்த எண் இறங்கத் தொடங்கியது. தெருக்களை நிறுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது.

“டோனி, பதினேழாம் ஃபீடரைத் திற.”

“பதினேழாம் ஃபீடரைத் திறக்கிறேன்.”

“சரி.”

திறந்தேன். அதற்குப் பிறகு இன்னும் பல. அரை மணி நேரத்துக்கு ஒரு தெருக் கூட்டமாக மாற்றி மாற்றி நிறுத்துவதுதான் திட்டம். ஆனால் ஏழு மணிக்கு இரண்டாம் உத்தரவு வந்தது, ஏழரைக்கு மூன்றாவது. மாற்றிக் கொடுக்க வழியே இல்லாமல் போனது. போன கரண்ட் போனதுதான்.

எட்டே காலுக்கு கண்ட்ரோல் ரூம் போன் அடித்தது. கைப்பேசியை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அவசரமென்றால் வீட்டார் இந்த நம்பருக்குத்தான் கூப்பிட முடியும். இதில் பேசுவதெல்லாம் பதிவாகும்.

“என்னங்க, சாமுவேல் அண்ணன் வீட்ல கரண்ட் போயிட்டுதாம். ஆக்சிஜன் மிஷின் நின்னுட்டுது. சிலிண்டர் மத்தியானம் வரைக்கும்தான் வருமாம். ஏதாச்சும் பண்ண முடியுமா?”

“முடியாது ஸ்டெல்லா. ஃபயர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணு.”

“பண்ணிட்டேன். எடுக்கிறவங்க வெயிட் பண்ணுங்கன்னே சொல்றாங்க. நம்ம வீட்ல இருக்குல்ல, இங்க கூட்டிட்டு வந்துரட்டா?”

“ரோடு முழுக்க ஐஸு.”

“நான் கேட்டது ரோட்டைப் பத்தி இல்ல. கூட்டிட்டு வரட்டா?”

“வா” என்றேன்.

ஒன்பதரைக்கு இன்னொரு போன். கரகரத்த குரல். பெயர் ரே என்றார். கவுண்டி ரோட்டு ‘பம்ப்’பின் பொறுப்பாளர். அது பம்ப் இல்லை. நிலத்தடிக் குழாயில் வரும் எரிவாயுவை அழுத்தி, எங்களுக்கு மின்சாரம் செய்துகொடுக்கும் நிலையத்துக்கே அனுப்புகிற கம்ப்ரஸர்.

“என்னுடையதை நிறுத்தியது யார்?” என்றார்.

“நான்.”

“உங்களுக்கு எரிவாயு அனுப்புவதே நான்தான். என்னை நிறுத்திவிட்டு எதை எரிக்கப் போகிறீர்கள்?”

பட்டியலைப் பிரித்தேன். ‘பதில் இல்லை, சாதாரணம்.’ கீழே என் இனிஷியல். மின்சாரம் குறைகிறதென்று, மின்சாரம் செய்கிறவனின் அடுப்பையே அணைத்திருந்தேன். ஏழு மணிக்கும் ஏழரைக்கும் உத்தரவு மேல் உத்தரவாக வந்ததில் என் பங்கும் இருந்தது அப்போதுதான் உறைத்தது.

மார்லீனிடம் தாளைக் காட்டினேன். இனிஷியலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. “இது பிறகு. பதினேழை உடனே கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக ஒன்றை எடுக்க வேண்டும். வரிசையில் அடுத்தது எது?”

எனக்குத் தெரியும். அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். “இருபத்திரண்டு. உன் வீடு.”

“மார்லீன், என் வீட்டில் ஒருவர் ஆக்சிஜன் மிஷினோடு இருக்கிறார். இப்போதுதான் வந்திருப்பார்.”

“ஆஸ்பத்திரியா?”

“இல்லை. என் சோபா.”

“காலையிலிருந்து நாம் நிறுத்திய தெருக்களில் அப்படி ஒருவரும் இல்லை என்று உன்னால் சொல்ல முடியுமா?”

“முடியாது.”

அவர் பக்கத்து மேஜைக்காரரிடம் திரும்பி, பத்து நிமிடத்தில் மாற்றுவதற்கான உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார். நான் போனை எடுத்தேன்.

“ஸ்டெல்லா, இன்னும் பத்து நிமிஷத்துல நம்ம வீட்ல கரண்ட் போயிடும். அண்ணன் வீட்ல வந்துடும். திருப்பிக் கூட்டிட்டுப் போயிடு.”

“விளையாடுறீங்களா? இப்பத்தான் வழுக்கி வழுக்கிக் கொண்டாந்து ஒக்கார வச்சிருக்கேன்!”

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது: “என்னம்மா சொல்லுதான் ஒம் புருசன்? நான் போற வீட்டையெல்லாம் தேடித் தேடி நிறுத்துதானா?”

பதினேழை நான் மூடினேன். இருபத்திரண்டைப் பக்கத்து மேஜைக்காரர் திறந்தார். இரண்டையும் பதிவேட்டில் எழுதினேன். போன் செய்ததையும் எழுதினேன். ஸ்டெல்லா ஐஸில் மறுபடி வண்டி ஓட்டி அண்ணனைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சிலிண்டர் தீரும் முன் அவர் மிஷின் ஓடியது.

ஆனால் ரேயின் கம்ப்ரஸர் ஓடவில்லை. மூன்று மணி நேரம் சும்மா கிடந்ததில் வால்வுகள் உறைந்திருந்தன. அவருடைய ஆட்கள் வெந்நீர் ஊற்றி ஊற்றி உருக்கி, மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் கிளப்பினார்கள். அதற்குள் அந்த மின்நிலையம் நின்றுபோயிருந்தது. அதனால் இன்னும் எத்தனையோ தெருக்கள் மறுநாளும் குளிரில் கிடந்தன. அந்தத் தெருக்களில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் இன்றுவரை அவர்களை மறக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தமிழ் ஜெபக்கூட்டத்தில் சாமுவேல் அண்ணன், மூக்கில் குழாயோடு, மைக்கைப் பிடித்தார். “கண்ட்ரோல் ரூம்ல நம்ம தம்பி அந்தோணி இருக்கான்லா. சொந்த வீட்டு கரண்ட்ட நிறுத்தி எனக்குக் குடுத்தான். இவன் இல்லன்னா நான் இல்ல!” எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஸ்டெல்லா முழங்கையால் இடித்தாள். “எந்திரிச்சுச் சொல்லுங்க.” நான் எழுந்திருக்கவில்லை. அன்று சாப்பாட்டில் எனக்கு இரண்டு துண்டு கேக் வைத்தார்கள். தின்றேன்.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். இருபத்திரண்டை நிறுத்துமுன் நான் போன் செய்தது பதிவேட்டில் இருந்ததால் அந்த ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்றார்கள். முந்தின வாரம் கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டு நல்ல மனதோடுதான் சொன்னார்: “படிவம் அனுப்பினோம், அவர்கள் பதில் போடவில்லை. குற்றம் அவர்களுடையது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஓய்வு பெற இன்னும் சில வருடம்தானே இருக்கிறது?”

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. உட்காராமலே சொன்னேன். உங்களுக்காகக் கரண்டைப் போடவில்லை, ரோட்டோரத்துக் கம்ப்ரஸருக்காகப் போட்டேன். முதலில் அது நின்றதே நான் போட்ட இனிஷியலால்தான். உங்கள் ஃபீடரை நிறுத்தியதும் என் கைதான்.

அண்ணன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

“அப்பம் நிறுத்துனதும் நீ, போட்டதும் நீ” என்றார். “நன்றிய மட்டும் ஏம்லே பேசாம வாங்கிட்டுப் போன?”

கிளம்பத் திரும்பினேன்.

“மைக்ல நான் சொன்னத நான் மாத்திச் சொல்லிக்கிடுதேன். நீ சொல்ல வேண்டிய இடத்துல போயி நீ சொல்லு. இப்ப ஒக்காரு, காப்பி குடி.”

விசாரணை நடந்த அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒலிப்பதிவில் இருந்தது தமிழ் என்பதால், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆகியிருந்த ஒரு பெண்ணை மொழிபெயர்க்க உட்கார வைத்திருந்தார்கள். அவள்தான் நித்யா. அதுவரை நாங்கள் பேசியது கிடையாது. ஒலிப்பதிவு ஓடியது. வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், ‘இன்னும் பத்து நிமிஷத்துல நம்ம வீட்ல கரண்ட் போயிடும்’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். வேறு மாதிரிச் சொல்ல அவளுக்கு வார்த்தை கிடைக்காமல் இல்லை. யாருக்கும் தெரியப் போவதும் இல்லை.

“அப்படியே சொல்லும்மா” என்றேன்.

“இப்போது அவர் உங்களிடம் என்ன சொன்னார்?” என்றார் நடுவில் இருந்தவர்.

“அப்படியே சொல்லச் சொன்னார்” என்றாள் நித்யா. பிறகு அப்படியே சொன்னாள்.

“உங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட எச்சரிக்கை கொடுத்தீர்கள். அன்று வேறு எந்த வீட்டுக்காவது கொடுத்தீர்களா?”

“இல்லை. அது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவில்லை” என்று பட்டியலை மேஜையில் வைத்தேன். வக்கீல் இருமினார். என் இனிஷியல் இருந்த வரியைக் காட்டினேன். அது பம்ப் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், மாதம் இரண்டு தரம் அதைக் கடந்து போகிறவன் நான் என்றேன். “என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் பெயரோடு கோப்பை மூடிவிடாதீர்கள். கண்ட்ரோல் ரூமில் பக்கத்தில் இருப்பவர் போடும் உத்தரவைக்கூடத் திருப்பிச் சொல்லாமல் நாங்கள் விரலை அசைப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள், மின்நிலையத்துக்கே எரிவாயு அனுப்புகிறவனிடம் ஒரு காகிதத்தை அனுப்பிவிட்டு, பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டோம். இந்த வழக்கத்தை மாற்றாவிட்டால் அடுத்த குளிரில் இதே இடத்தில் வேறொருவர் இனிஷியல் இருக்கும்.”

பின் வரிசையிலிருந்து மார்லீன் எழுந்தார். அதே மட்டமான குரல். “அந்தத் தாளின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ஒப்புதல் கையெழுத்து என்னுடையது. நானும் படித்துப் பார்க்கவில்லை.” சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது. பல மாதம் கண்ட்ரோல் மேஜை கிடையாது, பட்டியல் வேலை மட்டும் என்றார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். நான் முதல் நாளே பட்டியலில் ஒரு கட்டம் சேர்த்தேன்: ‘யாரிடம் பேசினாய்?’ அதில் ஒரு மனிதரின் பெயர் இல்லாமல் எந்த வரியையும் ‘சாதாரணம்’ ஆக்கக் கூடாது. போன் எடுக்காவிட்டால் நேரில் போக வேண்டும். நேரில் போனேன். தூசி படிந்த வேலிகளுக்கு வெளியே நின்று ஹார்ன் அடித்தேன். இரண்டு இடத்தில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ‘கிடங்கு’ என்று எழுதியிருந்த ஒன்று டயாலிசிஸ் நிலையமாக இருந்தது. ‘அலுவலகம்’ என்றிருந்தது இன்னொரு கம்ப்ரஸராக இருந்தது.

ரேக்குத்தான் முதல் போன். “நீயா? என்னை நிறுத்தியவன்தானே?” என்றார். ஆமாம் என்றேன். நீங்கள் முக்கியம் என்று குறிக்கிறேன், திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். “நான் முக்கியம். இதை என் மனைவியிடமும் போன் செய்து சொல்.” பிறகு ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவருக்குப் போன் செய்தேன்.

அந்தப் பத்து நிமிடம் மட்டும் இன்னும் தீரவில்லை. என் வீட்டுக்குக் கிடைத்த எச்சரிக்கை எல்லா வீட்டுக்கும் கிடைக்க வேண்டும், நிறுத்தும் முன் போனில் ஒரு செய்தியாவது போக வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பொதுமக்கள் பேசும் கூட்டங்களில் எனக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். இதைச் சொல்ல அது போதும். என் தலையைக் கண்டதும் இப்போது அவர்களே சொல்கிறார்கள், “பத்து நிமிடம், தெரியும்” என்று. தெரிந்தால் மட்டும் போதாது, செய்யும் வரை வருவேன்.

நேற்று இதை எழுதி முடித்து நித்யாவுக்குப் போன் செய்தேன்.

“அங்கிள், இவ்வளவையும் அவங்க படிப்பாங்களான்னு தெரியலை. ஒரே வரியில சொல்லுங்க, என்ன பண்ணணும்?”

“நித்யா, அந்தக் கட்டத்தை எடுக்கக் கூடாது.”

“சரி அங்கிள்.”

“சரி சொல்ல வேண்டியது நான். நீ திருப்பிச் சொல்லு.”

“அந்தக் கட்டத்தை எடுக்க மாட்டேன்.”

“சரி” என்றேன்.